பின்சக்கரக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் அரியாங்குப்பத்தில் பாதி வீடுகளில் கறிக்குழம்பு கொதிக்கும். அம்மாவாசை வீட்டில் மட்டும் வண்டி விசாரணை நடக்கும். விசாரணை என்று அவர் சொல்லமாட்டார், துடைக்கிறேன் என்பார். வாளியில் தண்ணீர், தோளில் பழைய துண்டு, வாசலில் மின்சார மோட்டார்சைக்கிள். முன்விளக்கில் ஆரம்பித்து, சீட்டுக்கு வந்து, பின்சக்கரத்தில் இறங்கி, இரண்டு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் சாவியைத் திருகி மீட்டரைத் துடைப்பார். அதில் தெரியும் கிலோமீட்டரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிக்கொள்வார். எதிலும் எழுதி வைக்கமாட்டார். போன ஞாயிறு என்ன எண், அதற்கு முந்தின ஞாயிறு என்ன எண் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

மில்லில் டைம் ஆபீசில் இருந்த மனிதர். யார் தாமதமாக உள்ளே நுழைந்தான், யார் அரை நாளில் நழுவினான் என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்துப் பழகிய கண். மில்லை மூடிவிட்டார்கள். கண்ணை யார் மூடுவது? மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் இனியவன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். வீட்டில் மிச்சம் இருந்தது மருமகள் கார்குழலி ஒருத்திதான். ஆயிரம் பேர்மேல் பரவியிருந்த பார்வை மொத்தமும் அந்த ஒருத்தியின்மேல் வந்து விழுந்தது.

வண்டி இனியவன் தனக்காக வாங்கியது. வாங்கிய சூடு ஆறுவதற்குள் விசா வந்தது, அவன் பறந்துவிட்டான். கார்குழலி பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு முறை விழுந்து எழுந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஆம்பளை வண்டியில் சுடிதார் போட்டுக்கொண்டு போகிறாளே என்று தெரு கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்துவிட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. போக வர இருபத்திரண்டு கிலோமீட்டர், வாரத்துக்கு ஆறு நாள். கணக்கு அவ்வளவுதான். அதற்கு மேல் ஓடினால் அம்மாவாசை கேட்பார். சத்தம் போட்டுக் கேட்கமாட்டார். “மூணு கிலோமீட்டர் கூட இருக்கே?” என்று மட்டும் கேட்டுவிட்டு, துண்டைப் பிழிந்துகொண்டே பதிலுக்காக நிற்பார். அந்த நிற்பதுதான் தாங்காது.

இந்தக் காவலுக்குக் காரணம் கவிநிலா. கார்குழலியின் தங்கை. அப்பா அம்மா இல்லாத வீட்டில் அக்காவே தலைவாரி, அக்காவே படிக்கவைத்து வளர்த்த பிள்ளை. போன வருஷம் வீராம்பட்டினத்துச் செம்மலைக் காதலித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். செம்மல் படகுக்காரன், சாதி வேறு. செய்தி வந்த அன்று அம்மாவாசை ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்.

“அந்த வாசல மிதிச்சா, இந்த வாசல மிதிக்காத.”

மஸ்கட்டிலிருந்து இனியவன் போனில், “அப்பா சொல்றபடி கேளு குழலி, வயசானவரு” என்றான். தூரத்தில் இருப்பவனுக்கு எல்லாம் சுலபம். அரியாங்குப்பத்திலிருந்து வீராம்பட்டினம் மூன்று கிலோமீட்டர். வீட்டு மாடியில் நின்றால் அந்தப் பக்கத்துக் கடல்காற்று முகத்தில் அடிக்கும். தங்கை முழுகாமல் இருக்கிறாள் என்று போனில் தெரிந்துகொண்டு, அக்கா அந்த மாடியில் நின்று துணி காயவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் துணிந்து வண்டியைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். இரண்டு பஸ் மாறி, திரும்பி வண்டியை எடுத்து வீடு வருவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. அம்மாவாசை தெருமுனையில் நாலு பேரோடு நின்றுகொண்டிருந்தார். அந்த நாலு பேர் முன்னால் அவள் சொன்ன பொய்யை நினைத்தால் இன்னும் அவளுக்குக் காது சூடாகும். அதோடு பஸ் யோசனை போனது.

மின்சார வண்டி பெட்ரோல் குடிக்காது, டயரைத் தின்னும். பேட்டரியின் கனம் முழுக்க அதன் தலையில். முறுக்கிய உடனே பின்சக்கரம் வெறிபிடித்தாற்போல் இழுக்கும், முறுக்கை விட்டால் அதே சக்கரம்தான் வண்டியைப் பிடித்து நிறுத்தும். இழுப்பதற்கும் அதே டயர், நிற்பதற்கும் அதே டயர். முன் டயர் புதுமாப்பிள்ளைபோல் இருக்க, பின் டயர் சீக்கிரமே மொட்டையாகிவிட்டது. சித்திரையில் பெய்த ஒரு கோடை மழையில், ஆற்றுப்பாலத்தில் வண்டி அவள் காலுக்குக் கீழேயே வழுக்கி, ஒரு தண்ணீர் லாரிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அந்த ஞாயிறு அம்மாவாசையே விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “வரியே இல்ல. நாளைக்கே மாத்திடு” என்றார். விதி எப்படி விளையாடுகிறது பாருங்கள். கதவைத் திறந்து விட்டது அவரேதான்.

பஞ்சர் கடைகளில் பாதிப் பேர் அந்த வண்டியைத் தொடமாட்டார்கள். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார், அதிலிருந்து வரும் கனமான ஒயர். ஏடாகூடமாகக் கழற்றினால் வம்பு. முருங்கப்பாக்கத்தில் சகாயநாதன் மட்டும் பயப்படாமல் செய்வார். டயர் கடைச் சுவரில் வேளாங்கண்ணி மாதா, அதற்குக் கீழே வரிசையாகத் தொங்கும் டயர்கள். வேலை முடிந்து வரும் வழியில் கார்குழலி அங்கே நிறுத்தினாள்.

அவர் முதலில் பேட்டரியை அணைத்தார். மோட்டார் ஒயரின் இணைப்பைக் கழற்றி ஓரமாகக் கட்டினார். அதற்குப் பிறகுதான் அச்சு நட்டில் கை வைத்தார். சக்கரத்தைக் கழற்றித் தரையில் சாய்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“உன் சைஸு நூத்திப்பத்து எழுவதும்மா. கடைல இப்ப இல்ல, நாளான்னிக்கு வந்துடும். கையில இருக்கறது நூத்திப்பத்து எண்பது. அகலம் அதேதான், ஒசரம் கொஞ்சம் கூட. ரிம்முல உக்காரும், மட்கார்டுலயும் இடிக்காது. பேட்டரி கனத்தத் தாங்கற டயருதான். ஆனா கம்பெனிக்காரன் சொன்ன சைஸுதான் நல்லது. அதையும் சொல்லிடறேன்.”

“அப்ப நாளான்னிக்கே வரேண்ணே.”

“வா. ஒசரமான டயருல இன்னொரு கஷ்டமும் இருக்கு. மீட்டரு கம்மியா காட்டும்.”

கார்குழலி ஹெல்மெட்டைத் தலையில் மாட்டப்போனவள் நின்றாள்.

“என்னா சொன்னீங்க?”

“மீட்டரு ரோட்டயா எண்ணுது? சக்கரம் எத்தினி சுத்து சுத்துதுன்னுதான எண்ணுது. டயரு பெருசானா ஒரு சுத்துலயே அதிக தூரம் பூடும். சுத்து கொறையும். நீ போறது ஒரு தூரம், அது சொல்றது அதவிட கம்மி. ஸ்பீடும் அப்படித்தான், நாப்பதுன்னு காட்டுனா அதுக்கு மேல போய்க்கிட்டு இருப்ப. பாத்து ஓட்டணும்.”

“எவ்ளோ கம்மியா காட்டும்?”

“உன் பழைய டயரு தேஞ்சு வேற போயிருக்கு. அத வச்சுப் பாத்தா, நூறு கிலோமீட்டருக்கு அஞ்சாறு கொறையும்.”

மூடி எண்ணும் கம்பெனியில் வேலை பார்ப்பவளுக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டுமா? வாரத்துக்கு ஓடும் நூற்றி முப்பத்திரண்டில் ஏழு கிலோமீட்டர் குறையும். வீராம்பட்டினம் போக வர ஆறு. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளுக்கென்று யாரும் எதையும் இப்படித் தூக்கிக் கொடுத்ததில்லை.

“இதையே போட்டுடுங்கண்ணே.”

“ரெண்டு நாளு பொறுத்தா சரியான சைஸே…”

“வேணாம்ண்ணே. இதுதான் வேணும்.”

சகாயநாதன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். குறையைச் சொன்னால் வேண்டாம் என்பார்கள், இவள் குறைக்காகவே வாங்குகிறாளே என்று நினைத்திருப்பார். பக்கவாட்டில் இருந்த அம்புக்குறி ஓடும் திசையைப் பார்க்கிறதா என்று சரிபார்த்து, விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, காற்றை ஏற்றினார். டப், டப் என்று இரண்டு சத்தம் கேட்டு டயர் ரிம்மில் உட்கார்ந்தது. “மொத கொஞ்ச நாளு மெதுவா போ, புது டயரு வழுக்கும். வாரா வாரம் காத்து பாரு. காத்து கொறஞ்சா சார்ஜும் சீக்கிரம் எறங்கும்” என்றார். அவள் தலையை ஆட்டினாள். காதில் விழுந்ததோ இல்லையோ.

முதல் வாரம் அவள் எங்கேயும் போகவில்லை. கிடைத்ததைச் செலவு பண்ணவும் பயம். சகாயநாதன் சொன்னது நிஜமா என்று பார்த்துவிடுவோம் என்று கம்பெனி, வீடு, கம்பெனி, வீடு என்றே ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே வாசலுக்குக் காது கொடுத்தாள். அம்மாவாசை புது டயரைத் தடவினார், நல்ல டயர் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சாவி திரும்பும் சத்தம்.

“குழலி. இங்க வா.”

வந்தாள்.

“ஏழு கொறையுதே.”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பது இதுதான். அதிகமானால் கேட்பார் என்று தெரியும். குறைந்தாலும் கேட்பார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. டைம் ஆபீஸ்காரருக்கு இரண்டும் ஒன்றுதான், கணக்கு உதைத்தால் திருட்டு.

“ஒரு நாளு வேலைக்குப் போவலன்னா இருவத்திரண்டு கொறையணும். இது ஏழு. அப்ப ஒரு நாளு பாதி வழியில வண்டிய நிறுத்தியிருக்க.” துண்டைப் பிழிந்தார். “மிச்ச வழிக்கு யார் வண்டியில ஏறிப் போன?”

தங்கை வீட்டுக்குப் போகாமல் இருந்ததற்குக் கிடைத்த பெயரா இது? வாய்க்கு வந்ததைச் சொன்னாள். பாலத்தில் வேலை நடக்கிறது, ரெண்டு நாள் குறுக்கு வழியில் திருப்பி விட்டார்கள் என்றாள். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. “எந்தக் குறுக்கு வழி?” என்று மட்டும் கேட்டார். அதற்கும் ஒரு பொய் சொன்னாள். குழம்பில் அன்றைக்கு உப்பு இரண்டு தரம் விழுந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிந்ததும் வண்டியை நேராக வீராம்பட்டினத்துக்கு விட்டாள். கவிநிலா ஆறு மாத வயிற்றோடு வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அக்காவைக் கண்டதும் கத்தியைப் போட்டுவிட்டு, மீன் கையோடு வந்து கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு சிரித்தார்கள்.

“எப்டிக்கா வந்த? அந்தக் கெழம் மீட்டரு பாக்குமே?”

“பாக்கட்டும். மீட்டருக்கு நான் வேற கணக்கு சொல்லிக் குடுத்துட்டேன்.”

கவிநிலாவின் மாமியார் செல்வாம்பாள் சுடச்சுட மீன் வறுத்துக் கொண்டுவந்து வைத்தாள். அரை மணிக்கு மேல் இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை கம்பெனியில் கூட்டம் போடுகிறார்கள் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். அந்த அரை மணியில் தங்கைக்குத் தலை பின்னிவிட்டாள், காலைப் பிடித்துவிட்டாள், வயிற்றில் கை வைத்து உதை வாங்கிக்கொண்டாள். ஞாயிறு வந்தது. அம்மாவாசை மீட்டரைப் படித்தார், ஒன்றும் சொல்லாமல் வாளியைக் கவிழ்த்தார். கணக்கு ஒரு கிலோமீட்டருக்குள் சரியாக இருந்தது.

சந்தோஷமாக இருந்தாளா என்று கேட்டால், இருந்தாள். முதல் மூன்று நான்கு வெள்ளி வரைக்கும். அப்புறம் மெதுவாகத்தான் தெரிந்தது, வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டோம் என்று. அந்த ஏழு கிலோமீட்டர் அவளுக்குக் கிடைத்த வரம் இல்லை, கட்டியே தீர வேண்டிய பாக்கி. போகவில்லை என்றால் குறையும். குறைந்தால் அந்தக் கேள்வி வரும். ஒரு வெள்ளி கவிநிலா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். வீடு பூட்டியிருந்தது. கார்குழலி பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். வராமல் இருந்திருக்க முடியாது. இன்னொரு வெள்ளி அவளுக்கே காய்ச்சல், உடம்பு அனலாகக் கொதித்தது. அன்றும் போனாள். சக்கரம் சுற்றியாக வேண்டும்.

காற்றிலும் வந்தது வினை. காற்று குறைந்தால் டயர் அமுங்கும், அமுங்கினால் உயரம் குறையும், மீட்டர் கூடக் காட்டும். ஆகவே அவள் சனிக்கிழமைதோறும் பெட்ரோல் பங்கில் போய்க் காற்று பிடித்தாள். மின்சார வண்டிக்குப் பெட்ரோல் பங்கில் என்ன வேலை என்று பங்க் ஆள் கிண்டல் செய்வான். அவளோ காற்றுக் கருவியின் முள்ளை அம்மாவாசை மீட்டரைப் பார்ப்பதுபோலவே பார்த்துக்கொண்டு நிற்பாள். வழியில் எங்கே நின்றாலும் எண்ணைப் பார்த்தாள். பாலத்தில் பார்த்தாள், சிக்னலில் பார்த்தாள், கனவில்கூட எண்கள் ஓடின. அம்மாவாசை வாரத்துக்கு ஒருமுறைதான் பார்த்தார். இவள் நாளைக்கு நூறு முறை பார்த்தாள். இரண்டு டைம் ஆபீஸ் ஒரே வீட்டில்.

ஆடி பிறந்தது. அதுதான் அவள் போட்ட கணக்கில் வராத மாதம். ஆடி வெள்ளி என்றால் வீராம்பட்டினம் அம்மன் கோயிலுக்கு அரியாங்குப்பமே கிளம்பிவிடும். அம்மாவாசையின் டீக்கடைச் சிநேகிதர்கள், எதிர்வீட்டு லட்சுமி, தெருவில் பாதிப் பேர் அந்த ரோட்டில்தான் இருப்பார்கள். ஆம்பளை வண்டியில் வருகிற ஒரே பெண்ணை யாருக்கு அடையாளம் தெரியாது? முதல் ஆடி வெள்ளியில் பாதி வழி போய், லட்சுமி மஞ்சள் புடவையில் கூழ் வாங்கிக் குடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடிவந்தாள். மிச்சக் கிலோமீட்டரை நகரத்துக்குள் சுற்றித் தீர்த்தாள்.

இரண்டாவது ஆடி வெள்ளி. கவிநிலாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. டாக்டர் அடுத்த வாரம் என்று சொல்லியிருந்தார். போய்ப் பார்க்க மனசு அடித்துக்கொண்டது, போக வழியில்லை. ஏழு கிலோமீட்டரோ அப்படியே இருந்தது. கார்குழலி ஷிப்டு முடிந்து தொழிற்பேட்டைக்கு உள்ளேயே சுற்ற ஆரம்பித்தாள். மூடி கம்பெனி, அட்டைப்பெட்டி கம்பெனி, இரும்புக் கிடங்கு, மறுபடியும் மூடி கம்பெனி. செக்குமாடு மாதிரி. மூன்றாவது சுற்றில் இரும்புக் கிடங்கு வாட்ச்மேன் எழுந்து வந்து கையைக் காட்டினார்.

“என்னம்மா, அட்ரஸ் தேடறியா?”

“இல்லண்ணே.”

“பின்ன?”

வண்டியை முறுக்கினாள். சத்தமே வராத வண்டி அது, அதனால் அவள் அழுத சத்தம் ஹெல்மெட்டுக்குள் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. பார்க்க வேண்டியவள் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில் இருக்க, பார்க்கப் போகாத தூரத்தை இங்கே ஓட்டித் தீர்த்துக்கொண்டிருக்கிறோமே என்று அவமானமாக இருந்தது. ஆனாலும் ஏழையும் ஓட்டி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவும்போது போன் வந்தது. கவிநிலா.

“அக்கா… வலி எடுத்துடுச்சுக்கா. அவரு கடல்ல இருக்காரு. அத்த ஆட்டோவுக்குப் போயிருக்காங்க. பயமா இருக்குக்கா. வாக்கா.”

“வரேண்டி. வந்துட்டேன்.”

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது, கையில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை என்று. நேற்றுத்தான் அத்தனையையும் இரும்புக் கிடங்கைச் சுற்றிக் கொட்டித் தீர்த்தாள். வண்டிக்குப் பக்கத்தில் சாவியோடு நின்றாள். மீட்டர் அவளைப் பார்த்தது. வீராம்பட்டினம், அங்கிருந்து டவுன் ஆஸ்பத்திரி, அங்கிருந்து வீடு என்று மனசு தன் பாட்டுக்குக் கூட்டத் தொடங்கியது. தங்கை வலியில் துடிக்கிறாள், தான் இங்கே கூட்டல் போட்டுக்கொண்டு நிற்கிறோம். அந்த நிமிஷம் அவளுக்கு அம்மாவாசைமேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல்தான் அதிகக் கோபம் வந்தது. சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். பாலத்தில் மீட்டரைப் பார்க்கவில்லை. சிக்னலிலும் பார்க்கவில்லை.

அவள் போய்ச் சேரவும் ஆட்டோ வரவும் சரியாக இருந்தது. செல்வாம்பாளும் கவிநிலாவும் ஆட்டோவில், இவள் பின்னாலேயே வண்டியில். மழை லேசாகப் பிடித்துக்கொண்டது. ஆட்டோக்காரன் பறந்தான். உயரமான அந்த டயர் ஈரத்தில் ஒருதரம்கூட வழுக்கவில்லை, அதற்காக அதை வாழ்த்தத்தான் வேண்டும். கவிநிலா ஆட்டோவின் பின்பக்கத் துணியை விலக்கி, அக்கா வருகிறாளா என்று பார்த்துக்கொண்டே போனாள். பிரசவ வார்டு வாசல்வரை அக்கா கையை விடவில்லை. சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. செல்வாம்பாள் அதை முதலில் கார்குழலியின் கையில்தான் கொடுத்தாள். “பெரியம்மாகாரி நீதான வாங்கணும்” என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மாவாசை வாசல் விளக்கைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “ஓவர்டைமா?” என்றார். அவள் உள்ளே போய் உலை வைத்தாள். படுத்தபோது ஆயிரம் யோசனை வந்தது. மீட்டர் ஒயரைப் பிடுங்கிவிடலாமா? பாலம் மறுபடியும் அடைப்பு என்று சொல்லலாமா? ஒவ்வொரு பொய்யும் அடுத்த ஞாயிறு ஒரு பொய்யைக் கேட்கும். கையில் இன்னும் அந்தக் குழந்தையின் சூடு இருந்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டு இன்னொரு பொய்க்கு மனசு வரவில்லை.

காலையில் அவளே வாளியில் தண்ணீர் பிடித்து வாசலில் வைத்தாள். அம்மாவாசை துண்டோடு வந்தார். விளக்கு, சீட்டு, பின்சக்கரம், கட்டைவிரல். சாவியைத் திருகினார். குனிந்தவர் நிமிர நேரமானது.

“பதினேழு கூட இருக்கு.”

“பதினேழு இல்ல மாமா. இருபத்தஞ்சு.”

அவர் மறுபடி குனிந்து பார்த்தார். “பதினேழுதான்.”

“மீட்டரு அப்படித்தான் காட்டும். டயரு பெருசு மாமா. சித்திரையில மாத்துனது நம்ம சைஸு இல்ல. ஓடறத விட கம்மியாத்தான் சொல்லும். வாரத்துக்கு ஏழு கிலோமீட்டர் அது சொல்லாது. அந்த ஏழுலதான் நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கவி வூட்டுக்குப் போய் வந்தேன். நேத்து அவளுக்குக் கொழந்த பொறந்துச்சு. ஆஸ்பத்திரியில இருந்தேன்.”

 

அம்மாவாசை சக்கரத்துக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். டயரின் பக்கவாட்டில் மேடாக இருந்த எழுத்துகளை விரலால் தடவினார். நூற்றுப்பத்து, எண்பது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் கையாலேயே, அவர் துண்டாலேயே பளபளவென்று துடைத்து வைத்த எண். மீட்டரையே பார்த்த கண் அதைப் பார்த்ததில்லை.

“அப்ப இத்தினி வாரமா நான் பாத்ததெல்லாம்?”

“பொய் மாமா.”

“சரியா இருந்துச்சே.”

“சரியா இருக்கறாப்ல நான் ஓட்டுனேன்.”

அவர் முகம் அவள் நினைத்ததுபோல் சிவக்கவில்லை. வெளுத்தது. ஒருத்தனுடைய வருகை டோக்கனை இன்னொருத்தன் போட்டால் தொலைவிலிருந்தே கண்டுபிடித்தவர் என்று மில்லில் பெயர் வாங்கியவர். அவள் வீராம்பட்டினம் போனது அவரைச் சுட்டதா, கணக்கு அவரை ஏமாற்றியது சுட்டதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. இரண்டாவதுதான் அதிகம் என்று தோன்றியது. பாவமாகக்கூட இருந்தது. ஆனால் பாவம் பார்த்துத்தான் இத்தனை நாள் செக்குச் சுற்றினோம் என்பதும் ஞாபகம் வந்தது.

கடைசியில் அவர் பழைய வாக்கியத்தைத் தேடி எடுத்தார்.

“அந்த வாசல மிதிச்சா, இந்த வாசல மிதிக்கக் கூடாதுன்னு சொன்னேன்.”

“சொன்னீங்க. சித்திரையிலேர்ந்து ரெண்டு வாசலையும் மிதிச்சுக்கிட்டுதான் இருக்கேன். எந்த வூடும் இடிஞ்சு விழல மாமா.”

எதிர்வீட்டு லட்சுமி கோலத்தை முடிக்காமல் குனிந்தபடியே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கார்குழலிக்கு அதுவும் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. இனி யார் வந்து அவரிடம் என்ன சொல்ல முடியும்? எல்லாவற்றையும் அவளே சொல்லிவிட்டாள்.

“நாளைக்கு சகாயநாதன் கடையில நம்ம சைஸ மாத்திடறேன். இனிமே மீட்டரு உங்ககிட்ட பொய் சொல்லாது” என்றாள்.

அம்மாவாசை, வேறு என்ன செய்வது என்று தெரியாதவர்போல், கட்டைவிரலை மறுபடியும் டயரில் வைத்து அழுத்தினார்.

“காத்து கம்மியா இருக்கு.”

“புடிச்சுக்கிட்டு வரேன் மாமா. அப்படியே ஆஸ்பத்திரிக்கும் போய் கொழந்தயப் பாத்துட்டு வரேன். சோறு வடிச்சிருக்கு, கொழம்பு அடுப்பு மேல இருக்கு.”

போகக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவள் வண்டியைத் தெருவில் இறக்கி ஏறி உட்கார்ந்தபோது, வாயில் ஊறிப்போன கேள்வி மட்டும் அவரை மீறி வந்தது.

“போவ வர எவ்ளோ ஆவும்?”

அவளுக்கு அந்தக் கணக்கு அத்துப்படி. டயர் சொல்வது எவ்வளவு, ரோடு சொல்வது எவ்வளவு என்று இரண்டையும் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பாள். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

“இனிமே நான் எண்ண மாட்டேன் மாமா. நீங்க வேணும்னா எண்ணிக்குங்க.”

வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது.